இறக்கிய கார்

காப்பார் சாலையில் மழை வலுத்தபோது, யுகேந்திரனின் கையை மீறி ஸ்டீரிங் வெடுக்கென்று திரும்பியது. கார் வழுக்கி அரைவட்டம் போட்டு, கால்வாய் ஓரப் புல்லில் போய் நின்றது. லோரி ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டே கடந்தது. கல்யாணமாகி இருபத்து நான்கு வருஷத்தில் என் கணவரின் கையில் வண்டி நிலைதடுமாறி அன்றுதான் பார்த்தேன்.

மறுநாள் காலை கிள்ளானில் ஒரு டயர் பட்டறைக்குப் போனோம். பட்டறைக்காரர் தனேஷ் காரை மேலே தூக்கி முன்டயரைக் காட்டினார். வெளிப்பக்கம் நன்றாகத்தான் இருந்தது. உள்பக்கம் தேய்ந்து கம்பி தெரிந்தது.

"ஸ்பிரிங்க வெட்டி வண்டி உயரத்த இறக்கியிருக்கீங்கண்ணே. இறக்குனா சக்கரத்தோட மேல்பக்கம் உள்ள சாஞ்சிரும். அதுக்கப்புறம் எலைன்மென்ட் பாத்தீங்களா?"

"பாத்தேன். கல்யாணத்துக்கு முன்ன."

தனேஷ் சிரிக்கவில்லை. "ஒரிஜினல் ஸ்பிரிங் போட்டு உயரத்த ஏத்தணும். திரும்ப எலைன்மென்ட் செய்யணும். இல்லாட்டி புது டயரும் இப்படித்தான் லா."

என் கணவர் காரின் அடிப்பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நண்பர் மார்வின் வீட்டு வாசலில் ஒரு ஞாயிறு முழுக்க மல்லுக்கட்டி இறக்கிய கார் அது. கல்யாணத்துக்கு முன் அதில்தான் பிரிக்பீல்ட்ஸில் என் ஆபீஸ் வாசலுக்கு வருவார். ஏறி உட்கார்ந்தால் பக்கத்து பஸ்ஸின் சக்கரம் என் முகத்துக்கு நேராகச் சுற்றும். ரோட்டில் ஒவ்வொரு குழியும் முதுகில் இடிக்கும். வளைவில் கொஞ்சமும் சாயாமல் வண்டி திரும்பியதும், "பாத்தியா, எப்படிப் புடிச்சு நிக்குது?" என்பார். எனக்கு ஒன்றும் புரியாது. ஆனாலும் அடுத்த வளைவு எப்போது வரும் என்று பார்த்துக்கொண்டிருப்பேன்.

"ஏத்திருங்க தம்பி," என்றேன்.

அவர் திரும்பினார். "உனக்கும் இது புடிக்கும்னு நெனச்சேன், ரமணி."

"புடிச்சுச்சு. நேத்து வரைக்கும்."

மாலையில் கார் தயாரானது. குனியாமலே ஏறி உட்கார்ந்தேன். நேர்ச்சாலையில் அவர் ஒரு கணம் ஸ்டீரிங்கிலிருந்து கையை எடுத்துப் பார்த்தார். வண்டி நேராகவே ஓடியது. வளைவில் மட்டும் லேசாகச் சாய்ந்தது. அவர் உதட்டைக் கடித்துக்கொண்டார்.

எங்கள் தாமான் குடியிருப்பின் நுழைவாயிலில் வேகத்தடை ஒன்று இருக்கிறது. அடி உரசிவிடுமென்று இத்தனை வருஷமும் அதைக் கோணலாகத்தான் கடப்பார். இப்போது அதற்கு அவசியமில்லை. ஆனாலும் வேகத்தைக் குறைத்து, ஸ்டீரிங்கை ஒடித்தார். பின்னால் மோட்டார் சைக்கிள்காரன் பொறுமையில்லாமல் ஹாரன் அடித்தான். ஒரு சக்கரம் மெதுவாக ஏறி இறங்கியது. பிறகு மற்றது. நான் கண்ணாடியை இறக்கிவிட்டு, வராத அந்த உரசல் சத்தத்துக்குக் காது கொடுத்திருந்தேன்.