சுருளாத ஜமுக்காளம்

குத்தாலத்துக்குக் கிழக்கே உள்ள அந்த ஊரில், உட்கார்ந்திருப்பவர்களில் ஒருவருக்கு மனம் ஒப்பவில்லை என்றாலும் பாசனச் சங்கத்தின் ஜமுக்காளம் சுருளாது. அது சுருளாமல் தீர்மானம் செல்லாது. கடையில் வாங்கிய சாதாரண நீலக்கோட்டு ஜமுக்காளம்தான். மதகுக்கு என்ன நிறத்தில் பெயின்ட் அடிப்பது என்ற பேச்சு இழுத்துக்கொண்டே போன வருஷம், அது அறுவடை வரை விரிந்தே கிடந்து, அதன்மேல் ஒரு கோழி குஞ்சு பொரித்தது.

நடவை விட்டுவிட்டு ஊர் முழுக்க நேரடி விதைப்புக்கு மாறலாம் என்று அவர்கள் கூடியபோது, மேட்டூர்த் தண்ணீர் கல்லணையைத் தாண்டியிருந்தது. நடவுக்கு ஆள் கிடைக்காத கஷ்டத்தை, சிங்கப்பூரிலிருந்து திரும்பிய சபரிநாதன் எடுத்துச் சொன்னான். தலைவர் தங்கையன் ஒவ்வொருவராகக் கேட்டார். எல்லோரும் சரி என்றார்கள். நடவுப் பெண்களை முன்நின்று நடத்துகிறவளும் தங்கையனின் மனைவியுமான எல்லையம்மாளும், சபையில் புருஷனை விட்டுக்கொடுக்கக் கூடாதே என்று, சரி என்றாள். ஜமுக்காளம் அசையவில்லை. சபரிநாதன் அதை டிராக்டரில் கட்டி இழுத்தான். டிராக்டர்தான் பின்னுக்கு வந்தது.

"மெஜாரிட்டி போதாதா? யாரோ ஒருத்தர்தானே, விட்டுட்டு முடிச்சிடலாம்ல?" என்றான் சபரிநாதன்.

"விட்டுட்டா அவங்க எங்க தம்பி போவாங்க?" என்றார் தங்கையன். பிறகு, சம்மதமா என்று கேட்பதை நிறுத்திவிட்டு வேறு மாதிரி கேட்டார். "நடவு போனா, கூடவே என்ன போயிடும்னு யாருக்காவது மனசுல இருக்கா?"

தன் ஒருத்தியால் ஊர் விதைப்பு கெட்டுவிடுமோ என்று எல்லையம்மாள் பயந்தாள். ஆனாலும் வாய் திறந்தாள்.

"ஏங்க, நாந்தான். நம்ம சதீஷ் செத்தப்புறம் நான் அழுததெல்லாம் நடவு வயல்லதான். வீட்டுல அழுதா நீங்க சோறு திங்க மாட்டீங்க, பம்புசெட்டுக்குப் போயிடுவீங்க. குனிஞ்சு நடும்போது அழுதா யாருக்கும் தெரியாது. பக்கத்துல நடுறவ மட்டும் கொஞ்சம் நெருங்கி வருவா. அதுவும் இல்லன்னா நான் எங்கங்க போவேன்?"

மகனை நினைத்துத் தங்கையன் அழுவது பம்புசெட் கொட்டகையில். அது அவளுக்குத் தெரியாது என்று நினைத்திருந்தார்.

"மத்ததெல்லாம் விதைப்புக்குப் போகட்டும் அத்தை. வாய்க்கா ஓரத்து என் வயல் எப்பவும் நடவுக்குத்தான்," என்றான் சபரிநாதன். ஒருவரும் மறுக்கவில்லை. ஜமுக்காளம் வடக்கு ஓரத்திலிருந்து தானாகச் சுருண்டு வந்தது. உட்கார்ந்திருந்தவர்கள் எழுந்து வழிவிட்டார்கள். தூசி தட்டிப் பரணில் வைத்தார்கள்.

நடவன்று தங்கையனும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வயலில் இறங்கினார். குனிந்தவர் வெகுநேரம் நிமிரவில்லை. அவர் கோணல்மாணலாக நட்டதை யாரும் திருத்தவில்லை. எல்லையம்மாள் மட்டும் கொஞ்சம் நெருங்கி வந்து நட்டாள்.