சாயம் ஏற்றிய ஐந்து நிமிடம்

போன வருடம் சங்கரன்கோவில் ஆடிச்சுற்றில் என் மகன் பேச்சிராஜா விழுந்து செத்தான். வேலை கிடைத்தால் அவன் கோமதியம்மன் கோயிலை நூற்றெட்டுச் சுற்று வருவான் என்று நேர்ந்திருந்தவள் என் மனைவி ஆறுமுகத்தாய். வேலை கிடைத்தது. எழுபத்திரண்டாவது சுற்றில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவன் அப்படியே சரிந்து விழுந்தான்; எழுந்திருக்கவில்லை. இருபத்தாறு வயது. ஆஸ்பத்திரியில் அறுத்துப் பார்க்க வேண்டாமென்று நான்தான் அடம்பிடித்துத் தூக்கி வந்தேன்.

அன்றிலிருந்து அவளை நான் சும்மா விடவில்லை. சோற்றில் உப்புக் குறைந்தாலும், "பிள்ளைய வெயில்ல சுத்த விட்டுக் கொன்னவதானட்டி நீ" என்பேன். என் வாய் அப்படி. அவன் படத்துக்கு விளக்கேற்றக்கூட அவளை விட்டதில்லை. அவள் திருப்பி ஒரு வார்த்தை சொன்னதில்லை. ரத வீதியில் காய்கறி வாங்கப் போனாலும் கோபுரத்தைப் பார்க்காமல் திரும்புவாள்.

போன வாரம் எனக்கே நெஞ்சு வலித்தது. திருநெல்வேலி ஆஸ்பத்திரியில், சாயம் ஏற்றி இதயத்தை சி.டி. எடுக்க வேண்டும் என்றார்கள். கையில் ஊசியைக் குத்தி மெஷினின் பெரிய வளையத்துக்குள் தள்ளினார்கள். சாயம் ஏறியதும் தொண்டையிலிருந்து அடிவயிறு வரை வெந்நீர் ஓடியது போலிருந்தது; படுக்கையிலேயே மூத்திரம் போய்விட்டதோ என்று பதறினேன். போகவில்லை. மூச்சைப் பிடிக்கச் சொன்னார்கள், விடச் சொன்னார்கள். ஐந்தே நிமிடத்தில் முடிந்துவிட்டது.

இந்த ஐந்து நிமிடத்துக்குத்தான் நான்கு வருடம் டிமிக்கி கொடுத்திருந்தேன். குருவிகுளம் யூனியன் ஆபீசில் நான் வேலை பார்த்தபோது ஒரு மருத்துவ முகாம் நடந்தது. எக்கோ பார்த்த டாக்டரம்மா, பெரிய ரத்தக்குழாய் வீங்கியிருக்கிறது, சாயம் ஏற்றி சி.டி. எடுங்கள், பிள்ளைகளுக்கும் பாருங்கள் என்று சீட்டு எழுதித் தந்தார். "அந்தச் சாயம் கிட்னியப் பாழாக்கிரும் அண்ணாச்சி" என்றார் பக்கத்து மேசை மைதீன் பாட்சா. பயந்துகொண்டிருந்த எனக்கு அது சௌகரியமாகப் போயிற்று. சீட்டைப் பீரோவில் போட்டுப் பூட்டினேன். வீட்டில் மூச்சு விடவில்லை.

டாக்டர் படத்தைத் திரையில் காட்டினார். சாயம் ஓடிய குழாய், இதயத்தை விட்டுக் கிளம்பும் இடத்தில் சுரைக்காய் மாதிரி புடைத்திருந்தது. உங்களுக்குத் தேதி குறித்து ஆபரேஷன் செய்துவிடலாம் என்றார். இது குடும்பத்தில் வரக்கூடியது, சின்ன வயதில் யாராவது திடீரென்று இறந்தார்களா என்று கேட்டார். சொன்னேன். இப்போது உறுதியாகச் சொல்ல முடியாது, அநேகமாக உங்கள் மகனுக்கும் இதுதான் வெடித்திருக்கும், முன்பே பார்த்திருந்தால் காப்பாற்றியிருக்கலாம் என்றார்.

வெளியே பெஞ்சில் ஆறுமுகத்தாய் என் சட்டையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். டாக்டர் என்ன சொன்னாவ என்று கேட்டாள். மழுப்பிவிடலாம் என்றுதான் முதலில் தோன்றியது. முடியவில்லை. பீரோவில் கிடக்கும் சீட்டு வரை சொல்லிவிட்டேன்.

"உன் நேர்ச்சை இல்லட்டி. என் உடம்புல உள்ளதுதான் அவனுக்கும் இருந்திருக்கு. நான் தெரிஞ்சே மறைச்சிட்டேன்."

அடிப்பாள் என்று நினைத்தேன். அடித்திருந்தால் தேவலை. அவள் சட்டையை நீவி நீவி மடித்தாள்.

"ஒரு வருசமா எம்புள்ளைக்கு ஒரு விளக்கேத்த விடலையே நீங்க" என்றாள்.

பஸ்ஸில் சங்கரன்கோவில் வந்து இறங்கினோம். அவள் வீட்டைத் திறந்து நேரே உள்ளே போய்ப் படத்துக்கு விளக்கேற்றினாள். நான் செருப்பைக் கழற்றாமல் வாசலிலேயே நின்றேன். உள்ளே வாங்க என்று அவள் சொல்லவில்லை.