வெளிநாட்டு டீமுக்கு ஒரு கேள்வி

ஹரிஹரசுதன், வயது இருபத்தாறு, ஷார்ஜாவில் ஒரு கிடங்கின் மொட்டைமாடியில், பழுதுபார்க்கத் திறந்துபோட்ட ஏ.சி. மெஷினுக்குப் பக்கத்தில் குந்தியிருந்தான். குழாயில் சாய்த்துவைத்த போனுக்குள் ஸ்ரீரங்கத்து ராமர் சித்தப்பா வீட்டுக் கூடம். காணும் பொங்கல் சாப்பாடு முடிந்து, சித்தப்பா மகள் ரஞ்சனி குடும்பக் கதைகளையே கேள்வியாக்கிப் போட்டி நடத்திக்கொண்டிருந்தாள். பொடிசுகள் ஒரு டீம், பெரியவர்கள் ஒரு டீம், போனுக்குள் இருப்பதால் இவன் தனி டீம். பொன்மலைக்கு வேலைக்குப் போக அப்பா வாங்கிய முதல் சைக்கிளின் நிறம், அப்பா கல்யாணத்தில் மாடு தின்றது யார் மாலையை, எல்லாவற்றுக்கும் இவன்தான் முந்திக்கொண்டு சொன்னான். பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்த அம்மா மயிலம்மாள் ஒவ்வொரு தடவையும் கைதட்டினாள்.

"அடுத்தது வெளிநாட்டு டீமுக்கு" என்றாள் ரஞ்சனி. "பெரியம்மாவ நெஞ்சுவலின்னு ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு ஓடுனப்ப, காலுக்கு ஒண்ணா மாத்துச் செருப்பு போட்டுட்டுப் போனது யாரு?"

கூடமே சிரித்தது. பிறகு, ஒவ்வொருவராக நிறுத்தினார்கள்.

"எந்த ஆஸ்பத்திரி?" என்றான் ஹரி.

ரஞ்சனி நாக்கைக் கடித்துக்கொண்டாள். ராமர் சித்தப்பா அவசரமாக, "டைம் முடிஞ்சுபோச்சுப்பா. பாஸ், பாஸ்" என்றார். பாஸ் என்றதும் ரஞ்சனியின் மகள் ஜாஹ்னவி துள்ளி எழுந்தாள்.

"ராமர் தாத்தா! ஒரு காலுல பாட்டி செருப்பு! எங்களுக்குத்தான் பாயிண்டு!"

இந்தப் பொடிசுக்குக்கூடத் தெரிந்திருக்கிறது. சொல்லிச் சொல்லிச் சிரித்ததில், யாரிடம் மறைத்தோம் என்பதே அவர்களுக்கு மறந்துபோயிருக்கிறது. ஐப்பசி முழுக்க, "கேமரா போயிடுச்சுப்பா, பேச மட்டுந்தான் முடியுது" என்று அம்மா சொன்னதை நம்பி, ஊருக்குப் போன ரூம்மேட்டிடம் புது போன் வாங்கிக் கொடுத்தனுப்பியிருந்தான். அந்தப் போன்தான் இப்போது அவர்கள் முகங்களை இவ்வளவு தெளிவாகக் காட்டியது.

அப்பா கேமராவுக்கு அருகே வந்தார். "ஸ்டென்ட் வெச்சாச்சுடா, இப்ப நல்லாத்தான் இருக்கா. நீ தனியாக் கெடந்து தவிப்பேன்னுதான் சொல்லல. சின்ன விஷயத்துக்கே நீ தூங்க மாட்டியே."

"இனிமே மட்டும் தூங்கிருவனாப்பா? நல்லாருக்கான்னு நீங்க சொல்றத எப்படி நம்புறது?"

அப்பாவின் தோளுக்குப் பின்னால் அம்மா எழுந்து போவது தெரிந்தது. யாரோ போனைத் தூக்கினார்கள், மின்விசிறி தெரிந்தது, இணைப்பு அறுந்தது. திரும்பக் கூப்பிட்டான். எடுக்கவில்லை. இரண்டு கையிலும் மெஷினின் கரி. முழங்கையால் மைக்கை அழுத்தி, குடும்ப குரூப்பில் பேச ஆரம்பித்தான். பேசப்பேச எழுத்தாக விழுந்தது.

"எனக்கு எது தெரியணும், எது தெரியக்கூடாதுன்னு முடிவு பண்ண நீங்கல்லாம் யாரு? அம்மா செத்திருந்தா அதையும் பொங்கலுக்குக் கேள்வியாத்தான் கேட்டிருப்பீங்களா?"

அந்த வரியை எழுத்தில் பார்த்ததும் அழிக்கப்போனவன், வேண்டாமென்று அப்படியே அனுப்பிவிட்டான். இருக்கட்டும். அவர்களும் படிக்கட்டும். மறுபடி மைக்கை அழுத்தினான்.

"இதப் படிக்கிறது யாரா இருந்தாலும் சரி. அந்தப் புது போன எடுத்து, காலியாக் கெடக்குற நாற்காலிக்கு நேரா வைங்க. அம்மாவக் கூட்டிட்டு வந்து அதுல உக்கார வைங்க. நான் ஒண்ணும் கேக்க மாட்டேன். பாக்கணும்."