தன்னைத் தானே கூட்டிய பதிவேடு

1979இல், நோன்புப் பெருநாளுக்கு அடுத்த திங்கட்கிழமை பகல், கல்முனையிலுள்ள கிராம சேவகர் கந்தோர் ஒன்றின் குடும்பப் பதிவேடு தன்னைத் தானே கூட்டிப் பெருக்கிக்கொண்டது. அதுவரை அது வீங்கிக்கொண்டே போனது. இந்த ஊரில் கல்யாணம் முடித்த ஆண் மனைவி வீட்டுக்குப் போய்விடுவான். அங்கே அவன் பெயருக்குப் புதுவரி எழுதப்படும். தாய் வீட்டுப் பக்கத்தில் பழைய வரியும் அப்படியே கிடக்கும். அரசாங்கப் புத்தகத்தில் எதையும் வெட்டக் கூடாதென்பது சட்டம். ஒரு பெயரைத் தேட கிராம சேவகர் ஜெமீலுக்கு ஒரு முற்பகல் போய்விடும். அன்று அவர் லுஹர் தொழுது திரும்பியபோது, தாய் வீட்டுப் பக்கத்துச் செத்த வரிகள் மேசைக்குக் கீழே கறுப்புத் தூளாகக் குவிந்திருந்தன. மிஞ்சிய வரிகள் மேலே நகர்ந்து நெருக்கமாக உட்கார்ந்திருந்தன. ஜெமீல் தூளை அள்ளி வேலிக்கு வெளியே கொட்டினார். மேலதிகாரிகளுக்கு எழுதவில்லை, எழுதினால் விளக்கம் கேட்டு இன்னொரு கொப்பி திறப்பார்கள். பிறகு பகல்தோறும் அதுவே வழக்கமாயிற்று.

வில்லங்கம் அடுத்த வாரமே வந்தது. மீன்குழம்பில் புளி கூடிவிட்டதென்று மனைவி றம்ஸியாவோடு கோபித்துக்கொண்ட முகம்மது தம்பி, எல்லா ஆண்களையும் போலத் தாய் வீட்டுக்குப் போனான். அங்கே அவன் வரி இல்லை; ஆகவே அவனும் தெரியவில்லை. அவன் தொண்டை கிழிய "உம்மா" என்று கூப்பிட, ஆயிஷா உம்மா கோழிகளுக்குத் தவிடு குழைத்துக்கொண்டிருந்தாள். அவன் அங்கேதான் வந்திருக்கிறானென்று றம்ஸியா ஆளனுப்பிச் சொன்ன பிறகுதான், யாருமில்லாத பாயில் பீங்கானில் சோறு தானாகக் குறைவதன் காரணம் அவளுக்கு விளங்கியது. பெற்ற பிள்ளையைத் தடவிப் பார்த்தாள். கைக்கு ஒன்றும் அகப்படவில்லை. அந்தத் தாய் பட்ட பாட்டைச் சொல்லி முடியாது. ஊரில் ஆர் எந்த வீடென்று சொல்வது கந்தோர்ப் பதிவேடுதான்; முக்காட்டை இழுத்துப் போட்டுக்கொண்டு அங்கே நடந்தாள்.

"என்ட புள்ளைய ஆரு தம்பி அழிச்ச?"

"நான் அழிக்கல்ல உம்மா, கொப்பிதான் கூட்டின. ஒருத்தன ரெண்டு வீட்டில எழுதேலா," என்றார் ஜெமீல்.

"அப்ப விருந்தாளியெண்டு எழுது. விருந்தாளி எங்கயும் வரலாந்தானே?"

சட்டத்தில் அதற்குத் தடை இல்லை. எழுதினார். அவள் வீடு திரும்பியபோது முகம்மது தம்பி பாயில் முழுசாக இருந்தான். கட்டிப்பிடித்து அழுதாள், பிறகு, விருந்தாளியாயிற்றே என்று கோழி அறுப்பித்தாள். இஸ்லாம் மார்க்கத்தில் விருந்து மூன்று நாள். பதிவேட்டுக்கும் அது தெரிந்திருந்தது. நாலாம் நாள் பகல், வாயில் வைத்த சோற்றோடு அவன் மறைந்தான். பீங்கான் இன்னும் மூன்று கவளம் குறைந்தது; பிறகு படலை திறந்து மூடும் சத்தம் கேட்டது. றம்ஸியா வீட்டு முற்றத்தில் அவன் மறுபடி தெரிந்தபோது, அவள் "வந்தாச்சா" என்று மட்டும் கேட்டாள்.

அதன்பின் ஊர் ஆண்களின் கோபங்களெல்லாம் மூன்று நாளில் ஆறின. ஆயிஷா உம்மா மாதமொரு தடவை தானே கந்தோருக்குப் போய் மகனை விருந்தாளியாக எழுதுவித்தாள். அவனுக்குக் கோபம் வந்ததா என்று அவள் பார்க்கவில்லை.