சோதித்துச் சான்றளிக்கப்பட்டது

சவப்பெட்டிக்கு முன்னால் ஒரு ஸ்டூலைப் போட்டு, அதன்மேல் காரை ஏற்றி, அழகப்பன் தன் பட்டுக் கைக்குட்டையால் அதைத் துடைத்துக்கொண்டிருந்தார். ஒரு கை நீளமுள்ள சிவப்புக் கார். பெட்ரோலில் ஓடுவது, ரிமோட்டுக்குக் கட்டுப்படுவது. பெட்டிக்குள் அகுஸ்தேன், எழுபத்தொரு வயது, தையல் மெஷின் ரிப்பேர் செய்து ஓய்ந்தவர், கோட்டும் டையுமாகக் கிடந்தார்.

"லூசியேன், ப்ரோகிராமைச் சொல்லிப்புடறேன் ஆத்தா," என்றார் அழகப்பன். "பெட்டியைத் தூக்கறதுக்கு முன்னாடி ரெண்டு நிமிஷம் இந்த இன்ஜின் ஓடும். லாஸ்ட் சல்யூட். அப்புறம் நான் பேசறேன். அப்புறம் பேண்டு. அப்புறம் மறுபடி நான்."

"சாமியார் ஜெபம் எப்ப சார்?"

"நடுவுல சொருகிக்கலாம்."

அகுஸ்தேனின் மகள் லூசியேன், ஊர் வழக்கப்படி நெற்றியில் கட்டியிருந்த வெள்ளைத் துக்கத்துணியை இறுக்கிக்கொண்டாள். அழகப்பன், அவர்களெல்லாம் குடியேறியிருந்த வியட்நாமிய ஊரான தூ டுக்கின் அனைத்துலக ரிமோட் கார் பேரவைக்கு நிறுவனத் தலைவர். பேரவையில் மொத்தம் ஒன்பது பேர். அனைத்துலகம் என்பது காரைக்குடி, புதுச்சேரி, போதாக்குறைக்கு ஒரு கொரியாக்காரர். ஒன்பது பேருக்கும் பதவி உண்டு. அகுஸ்தேன் பாதுகாப்புச் செயலர்.

அந்தப் பதவிக்காகத்தான் போன ஞாயிற்றுக்கிழமை தன் காரில் கில் சுவிட்ச் பொருத்த மகளிடம் சொன்னார். கார் ரிமோட்டின் பேச்சைக் கேட்காமல் போனால், இன்ஜின் தானாக அணைய வேண்டும். ஸ்பார்க் பிளக்கில் பொறி விழாமல் தடுக்கும் தீப்பெட்டியளவு பெட்டி, அவ்வளவுதான். லூசியேனுக்கு அரை மணி வேலை. ஹைடெக் பார்க் தொழிற்சாலையில் சர்க்யூட் போர்டு சோதிக்கும் பிரிவுக்கு அவள் தலைவி. பதினாறு வருஷத்தில் சோதிக்காத போர்டு ஒன்றுகூட அவள் மேசையைத் தாண்டியதில்லை.

கம்பிகளைச் சேர்த்தாள். ரிமோட் தொடர்பு அறுந்தால் என்ன செய்ய வேண்டும் என்று காருக்குள்ளிருக்கும் ரிசீவருக்கு முன்கூட்டியே சொல்லிவைக்க வேண்டும். ரிமோட்டின் பொத்தானை 'அணை' பக்கம் தள்ளிச் சேமித்தால் அணைத்துவிடும். 'ஓடு' பக்கம் வைத்துச் சேமித்தால், தொடர்பே போனாலும் ஓடவிட்டுவிடும். அவள் சேமித்துக்கொண்டிருந்தபோதுதான் அழகப்பன் போட்டோக்காரரோடு வந்து இறங்கினார். கையில் லேமினேட் செய்த சான்றிதழ், தமிழிலும் ஆங்கிலத்திலும் வியட்நாமியத்திலும்: 'சோதித்துச் சான்றளிக்கப்பட்டது.' கீழே வட்டச் சிவப்பு முத்திரை. சிவப்பு முத்திரை இல்லாத காகிதத்தை இந்த ஊரில் யார் மதிக்கிறார்கள்?

"இன்னும் கடைசியா ஒண்ணு பாக்கணும் சார். இன்ஜினை ஓடவிட்டு, ரிமோட்டை அணைச்சுப் பாக்கணும்."

"அதான் முத்திரையே குத்தியாச்சே! சிரிங்க, சிரிங்க."

பப்பா சான்றிதழை மார்போடு பிடித்துக்கொண்டு சிரித்தார். எல்லோரும் காப்பி குடிக்கப் போனார்கள். லூசியேனும் போனாள்.

மறுநாள் அவளுக்கு விடுமுறை. சாயங்காலம் வீட்டுக்குப் பின்னாலிருந்த சிமென்ட் தரையில் பப்பா காரை ஓட்டினார். அடுக்களையில் அவள் கீரை அலசிக்கொண்டிருந்தாள். இன்ஜின் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. ஒரே சீராக, ஏறாமல் இறங்காமல், ஓரிடத்தில் நின்றபடி. அரை மணிக்கு மேல். பெட்ரோல் தீர்ந்து சத்தம் நின்றபிறகுதான் சாப்பிடக் கூப்பிடப் போனாள். பப்பா குப்புற விழுந்து கிடந்தார். ரிமோட் மூடி திறந்து, பேட்டரிகள் நான்கும் நான்கு பக்கம் உருண்டிருந்தன.

மாரடைப்பு, விழுந்த உடனே பார்த்திருந்தால் பிழைக்க வழி இருந்தது என்றார் டாக்டர். பேட்டரி தெறித்த அந்த நொடியே இன்ஜின் நின்றிருக்க வேண்டும். நின்றிருந்தால், என்ன ஆச்சு என்று அவள் எட்டிப் பார்த்திருப்பாள். அல்லது, அவர் விழுந்தபிறகும் ரிமோட் வேலைசெய்து, பெட்ரோல் தீர்ந்தபிறகுதான் பேட்டரி உருண்டிருக்குமோ? அப்படியானால் சுவிட்சின்மேல் குற்றமில்லை. மூன்று நாளாக அவள் மனதில் ஓடியது இது ஒன்றுதான். எந்தப் பக்கம் வைத்துச் சேமித்தாள்? விரல் எங்கே இருந்தது என்று யோசித்து யோசித்து, விரலே அந்நியமாகிவிட்டது.

மம்மா மாரி-ரோஸ் பெட்டி ஓரத்தில் உட்கார்ந்து, வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள்: "சத்தம் கேட்டுக்கிட்டே இருந்துச்சும்மா. அதான் நான் நிம்மதியா இருந்தேன்."

"ஆச்சி, உத்தரவு கொடுங்க," என்று புதுச்சேரி கிறிஸ்தவச்சியிடம் செட்டிநாட்டு மரியாதையோடு குனிந்தார் அழகப்பன். மாரி-ரோஸ் தலையசைத்தாள். அவர் காரைத் தரையில் இறக்கி, பெட்ரோல் ஊற்றி, ரப்பர் பேண்டு போட்டுக் கட்டிய ரிமோட்டை உயிர்ப்பித்து, இன்ஜின் கயிற்றை இழுத்தார். மூன்றாவது இழுப்பில் பிடித்துக்கொண்டது.

அதே சத்தம்.

"ரிமோட்டை எங்கிட்ட குடுங்க சார்," என்றாள் லூசியேன்.

"மகளே நடத்தட்டும்! பிரமாதம்!" என்று போட்டோக்காரருக்கு இடம்விட்டு விலகினார் அழகப்பன்.

ரிமோட் லேசாக இருந்தது. கட்டைவிரலால் அதன் மெயின் சுவிட்சைத் தேடினாள். நின்றுவிடு என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டாள். தொழிற்சாலையில் எந்த போர்டிடமும் அவள் கெஞ்சியதில்லை.

அணைத்தாள். ரிமோட்டின் பச்சை விளக்கு போனது.

ஒரு நொடி. இரண்டு. பத்து.

இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. ஒரே சீராக, ஏறாமல் இறங்காமல்.

அழகப்பன்தான் முதலில் கவனித்தார். "பாத்தீங்களா! ரிமோட்டை அணைச்சாச்சு, கார் நிக்கல! போக மாட்டேங்கிறாருங்க மனுசன்!" அவர் குரல் உண்மையாகவே உடைந்தது. அதை வியட்நாமியத்திலும் ஒருமுறை உடைத்தார். பேண்டுக்காரர்கள் தொப்பியைக் கழற்றினார்கள். கொரியாக்காரர் கண்ணாடியைத் துடைத்தார். வாசலுக்கு வெளியே சந்து முழுக்கக் கைபேசிகள் உயர்ந்தன.

மாரி-ரோஸ் எழுந்து வந்து மகளின் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

"கேக்குதாடி லூசி? அன்னிக்கும் இப்படித்தான். உங்க பப்பா நமக்குத் துணையா இருந்திருக்காருடி. போயும் போகாம."

லூசியேன் வாயைத் திறந்தாள். மம்மாவின் முகத்தில் மூன்று நாளுக்குப் பிறகு ரத்தம் ஊறியிருந்தது.

"ஆமா மம்மா," என்றாள்.

"யாரும் நிறுத்தாதீங்க!" என்றார் அழகப்பன். "அவரா நிக்கிறப்ப நிக்கட்டும். நான் பேச ஆரம்பிக்கிறேன்."

லூசியேன் காரின் முன்னால் மண்டியிட்டாள். இன்ஜின் காற்றை இழுக்கும் இடம் தலைப்பக்கம், வடிகட்டிப் பஞ்சு போர்த்தி இருந்தது. அதன்மேல் உள்ளங்கையை வைத்து அழுத்தினாள். இன்ஜின் திணறியது, ஒருமுறை உறுமியது, கையை உள்ளே இழுக்கப் பார்த்தது. அவள் இன்னொரு கையையும் மேலே வைத்தாள்.

துடிப்பு நின்று, உலோகம் டிக் டிக்கென்று ஆறத் தொடங்கிய பிறகும் அவள் கைகளை எடுக்கவில்லை.