கூரையில்லாத வண்டி

வீட்டுக் கூரை ஒழுகுகிறது, ஓடு மாற்றுங்கள் என்று ரத்தினபாய் மூன்று மழைக்காலமாகத் தொண்டை வற்றக் கத்திக்கொண்டிருந்தாள். அவள் கணவர் வேதசிரோமணி, மேற்குத் தாம்பரத்தில் கணக்கு வாத்தியார், அதற்கென்று சேர்த்துவைத்த பணத்தில் கூரையே இல்லாத ஒரு வண்டியை வாங்கக் கிளம்பினார். இந்த மனிதரை என்னவென்று சொல்வது?

வண்டி சேலையூரில், லாசரஸ் என்ற ஓய்வுபெற்ற ரயில்வேக்காரர் வீட்டில் நின்றது. வெள்ளைக்காரன் காலத்துச் சீமைக் கார், நல்ல சிவப்பு. மேலே கித்தான் துணி; வேண்டாமென்றால் பின்னால் மடித்துவிடலாம். அதைப் பார்த்துவிட்டு வந்த நாளிலிருந்து வாத்தியார் சாப்பாட்டுத் தட்டை ஸ்டியரிங் மாதிரி திருப்பிக்கொண்டிருந்தார்.

"பம்மல் எத்திராஜ் பார்த்து, நல்ல வண்டின்னு சொன்னாத்தான் வாங்குவேன், ரத்தினம்" என்று மட்டும் ஒரு வார்த்தை கொடுத்தார்.

அது போதாதா அவளுக்கு? மறுநாளே தூக்குச்சட்டி நிறைய வஞ்சிர மீன் குழம்போடு பஸ் ஏறிப் பம்மலுக்குப் போனாள். மெக்கானிக் எத்திராஜ் மூடியைத் திறந்து மோந்து பார்த்தான்.

"வண்டி எப்படி இருந்தாலும் சரி, உருப்படாதுன்னு சொல்லிடணும்" என்றாள் ரத்தினபாய்.

"அவ்ளோதானே யம்மா? கயிச்சுக் கட்டிர்றேன். நீ நிம்மதியா வூட்டுக்குப் போ."

சனிக்கிழமை காலை மூவரும் சேலையூர் போனார்கள். மார்கழிக் குளிருக்கு எத்திராஜ் பழுப்புக் கோட்டு ஒன்று போட்டிருந்தான். எங்கேயோ பார்த்த கோட்டு. வாத்தியாருடைய கோட்டு டோபியிடம் போய் ஒரு வாரமாகிறது. அவன்தான் வாடகைக்கு விட்டிருக்கிறான், வரட்டும் பேசிக்கொள்கிறேன் என்று ரத்தினபாய் பல்லைக் கடித்துக்கொண்டாள்.

எத்திராஜ் முதலில் பானெட்டைத் தொட்டான். சுட்டது. "நாம வர்றதுக்கு மின்னாடியே கெளப்பி வுட்டுகிறாரு" என்று முணுமுணுத்தான். கதவின் மரச் சட்டத்தை விரலால் தட்டிக் காது கொடுத்துக் கேட்டான். புகைக்குழாய்க்குள் விரலை விட்டு எடுத்து, ஒட்டிய கரியைத் தேய்த்துப் பார்த்து உதட்டைப் பிதுக்கினான். குழம்பு நன்றாகவே வேலை செய்கிறது என்று அவளுக்கு உள்ளூரச் சிரிப்பு.

"ஒரு ரவுண்டு போய்ட்டு வந்து சொல்லுங்க" என்றார் லாசரஸ். துணியை மடித்துவிட்டு அவரே ஓட்டினார். ரத்தினபாய் வேண்டாவெறுப்பாகப் பின்னால் ஏறினாள்.

வண்டி மெயின் ரோட்டில் திரும்பியது. காற்று முகத்தில் அடித்தது. தலைக்குமேலே வானம் தவிர ஒன்றுமில்லை. பஸ் ஸ்டாப்பில் கைப்பையோடு தபீதாள் நின்றிருந்தாள். மாதர் சங்கத் தலைவி. எப்போதோ ஒருமுறை அண்ணன் காரில் சர்ச்சுக்கு வந்து இறங்கியதை வருஷம் பூராவும் பேசுகிறவள். ரத்தினபாயைப் பார்த்ததும் அவள் வாய் திறந்தது, மூடவே இல்லை. ரத்தினபாய் லேசாகக் கையை மட்டும் ஆட்டினாள். ஐம்பது வயதில் அவள் அனுபவித்த பெரிய சந்தோஷம் அதுதான். ஓடாவது மண்ணாவது! இந்த வண்டி அவளுக்கு வேண்டும்.

திரும்பி வந்ததும் எத்திராஜ் தீர்ப்புச் சொன்னான். "மரமெல்லாம் பூச்சி அரிச்சிகீது சார். எஞ்சின் எண்ணெயாக் குடிக்குது. சூடு ஆறிச்சின்னா திரும்பக் கெளம்பாது. படப்பை வரிக்கும் கூட தாங்காது."

அவனுக்குக் கண் ஜாடை காட்டிக் காட்டி ரத்தினபாயின் இமை வலித்தது. பாவி, நிறுத்தினால்தானே!

"அப்போ வேண்டாம். வா ரத்தினம், போகலாம்." வாத்தியார் வாசலைப் பார்த்து நடந்தார், ஒவ்வொரு அடியாக, மிகவும் மெதுவாக.

"நில்லுங்க!" என்று அலறினாள் ரத்தினபாய். "வாங்கிக்கலாங்க. ஐயா கேக்குற விலைக்கே வாங்கிக்கலாம்!"

வாத்தியார் தலையில் கைவைத்துக்கொண்டார். லாசரஸ் ஒரு நொடி தாமதிக்கவில்லை. சாவியை அவள் கையில் வைத்து, "கர்த்தர் உங்களை ஆசீர்வதிப்பாராக" என்றார்.

வாத்தியார் ஓட்ட, ரத்தினபாய் பக்கத்திலும் எத்திராஜ் பின்சீட்டிலுமாக வீடு நோக்கி வந்தார்கள். தாம்பரம் ரயில்வே கேட் மூடியிருந்தது. எஞ்சினை அணைத்துவிட்டு வெகுநேரம் காத்திருந்தார்கள். ரயில் போய், கேட் திறந்தது, வண்டிதான் கிளம்பவில்லை.

"குறுக்கே விழுந்து கெடுத்தியே!" என்று வாத்தியார் வெடித்தார். "மட்டமாச் சொல்லு, லாசரஸ் பாதி விலைக்கு இறங்குவார்னு இவனுக்கு என் கோட்டையே கொடுத்திருந்தேன்!"

"டோபிகிட்டப் போட்டிருக்குன்னு சொன்ன கோட்டா? நானும் மட்டமாச் சொல்லத்தான் மீன் குழம்பு கொடுத்தேன்!"

இருவரும் ஒரே நேரத்தில் பின்னால் திரும்பினார்கள்.

"இன்னா மொறைக்கிறீங்க?" என்றான் எத்திராஜ். "நான் சொன்னது அத்தினியும் நெசம். பொய்யின்னு நெனச்சி ரெண்டு பேரும் கூலி குடுத்தீங்கோ. வண்டி நெசமா எப்டி கீதுன்னு யாராச்சும் ஒரு வார்த்த கேட்டீங்களா?"

பின்னால் லாரிக்காரன் ஹாரனை அழுத்தினான். வாத்தியாரும் எத்திராஜும் இறங்கித் தள்ளினார்கள். ஸ்டியரிங்கைப் பிடிக்க ஆள் வேண்டுமே என்று ரத்தினபாய் ஓட்டுகிறவர் சீட்டுக்கு மாறினாள். சீலையைச் சரிசெய்துகொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தாள். கேட்டைத் தாண்டி இரண்டாவது தெருவில், பஸ்ஸில் வந்து இறங்கிய தபீதாள் தன் வீட்டு வாசலில் நின்றுகொண்டிருந்தாள்.

"ஏங்க," என்றாள் ரத்தினபாய், தலையைத் திருப்பாமல். "இங்க கொஞ்சம் மெதுவாவே தள்ளுங்க."