சைபர் சைபர் ஒன்பது நாலு

முஸம்மில் கட்டாரிலிருந்து வந்து இறங்கி ஆறு கிழமை ஆகிவிட்டது. அவருடைய கைக்கடிகாரம் மட்டும் இன்னும் வந்து சேரவில்லை. அதில் எப்போதும் தோஹா நேரம்தான். இங்கே மாத்தளையில் நடுப்பகல் லுஹருக்குப் பாங்கு சொல்லும்போது அங்கே பத்து மணிகூட ஆகியிருக்காது. மனைவி றுஸைனா சோற்றைப் போட்டுவைத்துக் கூப்பிட்டால் மனுஷன் கையைத் திருப்பிப் பார்ப்பார், மனதுக்குள் இரண்டரை மணித்தியாலம் கூட்டுவார், அதற்குப் பிறகுதான் அவருக்குப் பசிக்கும்.

முன்னைய லீவுகளில் அவள் கேட்டதுண்டு, “அத நம்மட டைமுக்குத் திருப்பினா என்ன?” என்று. “போகக்குள்ள மறுபடி திருப்பணுமே” என்பார். இந்த முறை அவள் கேட்கவில்லை. பதில் தெரிந்த கேள்வியைக் கேட்டு யார் வயிற்றெரிச்சலை வாங்கிக் கட்டிக்கொள்வது?

இது இரண்டாயிரத்து ஏழாம் வருஷம். கலியாணம் முடித்த மறு வருஷம் போன மனுஷன், இரண்டு வருஷம் அங்கே, இரண்டு மாசம் இங்கே என்று பதினேழு வருஷத்தை ஓட்டிவிட்டார். “இதுதான் கடைசிப் பயணம்” என்று இரண்டு தரம் சொல்லியிருக்கிறார். முதல் தரம், மகள் ஸஹ்னாவைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்தபோது. இரண்டாந்தரம், வீட்டுக்கு மேல்தட்டுப் போட்டபோது. இரண்டு தரமும் றுஸைனா நம்பினாள், அயலெல்லாம் சொல்லி ஒரு முறை வட்டிலப்பமும் செய்து கொடுத்தாள். பிறகு பெட்டி கட்டினார். அதற்கப்புறம் அவரும் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை.

இந்த முறை ஒரு புது லெப்டொப்பும் கூட வந்தது. கறுப்பு நிறம். பிளேனில் மடியில் வைத்துக்கொண்டே வந்தாராம். ஸஹ்னா பிறந்தபோதுகூட இவ்வளவு பக்குவமாகத் தூக்கவில்லை என்று றுஸைனா முகத்துக்கு நேரே சொன்னாள். ஐந்து கிழமை அது அலுமாரிக்குள் துணி சுற்றிக் கிடந்தது. ஆறாம் கிழமை, திங்கட்கிழமை காலையில் வெளியே எடுத்தார்.

“ஒஃபிஸுக்கு ஒரு மெயில் போடணும். வியாழக்கிழமை அங்க ஒஃபிஸ் மூட முன்ன போய்ச் சேரணும்.”

என்ன மெயில் என்று அவள் கேட்கவில்லை. கேட்பானேன்? ஒவ்வொரு லீவு முடிவிலும் அடுத்த இரண்டு வருஷ வேலைக்கு இப்படி ஒரு கடதாசி வரும். முன்பெல்லாம் டவுனில் பஸீருடைய கொமியூனிகேஷன் கடைக்கு ஃபேக்ஸில் வரும், இவர் ஒப்பம் வைத்து அனுப்புவார், இரண்டு கிழமையில் டிக்கட் வந்துவிடும். இப்போது காலம் மாறி மெயிலாகியிருக்கிறது, அவ்வளவுதான்.

அவள் குசினிக்குள் போய்க் காய்ந்த மிளகாயை எடுத்து வறுக்கத் தொடங்கினாள். அவர் போவதற்கு இரண்டு கிழமை இருக்கும்போது கறித்தூள் வேலை தொடங்கும். கொத்தமல்லி, சீரகம், கறுவா, ஏலம், கராம்பு என்று ஒவ்வொன்றையும் தனித்தனியாக வறுத்து, மில்லில் அரைத்து, மூன்று பை போட்டுக் கட்டிக் கொடுத்தால் தோஹாவில் ஒரு வருஷத்துக்குக் காணும். மிளகாய் வறுப்பதில் இன்னொரு வசதியும் உண்டு. கண்ணால் தண்ணீர் வடிந்தால் யாரும் ஏனென்று கேட்க மாட்டார்கள்.

லெப்டொப் திங்கட்கிழமை முழுக்க மனுஷனுக்குத் தண்ணி காட்டியது. கம்பெனிக் களஞ்சியத்தில் கம்பியூட்டரில் கணக்குப் பார்த்த மனுஷன்தான். ஆனால் அங்கே இன்டர்நெட் குழாய்த் தண்ணி மாதிரி, திறந்தால் வரும். இங்கே டெலிஃபோன் லைனைக் கழற்றி அதில் சொருகி, கடையில் வாங்கிய இன்டர்நெட் கார்டில் இருக்கிற கொழும்பு நம்பருக்கு அது தானே கோல் எடுத்து, அந்தப் பக்கம் தூக்கினால்தான் உண்டு. அவர் சொருகினார். ‘டயல் டோன் இல்லை’ என்றது. ரிசீவரைக் காதில் வைத்தால் டோன் வருகிறது, லெப்டொப்பில் சொருகினால் இல்லை. பின்னேரம் றுஸைனா தேத்தண்ணி கொண்டுபோனபோது வயர் சொருகியிருந்த ஓட்டையைப் பார்த்தாள்.

“ஸஹ்னாட வாப்பா, அந்த ஓட்டைக்குள்ள அது ஆடுதே. பக்கத்துல சின்னது ஒண்டு இரிக்கே?”

இருந்தது. சின்ன ஓட்டையில் போட்டதும் டக்கென்று பிடித்தது. முஸம்மில் அசடு வழிந்தார். “நான் அதத்தான் அடுத்ததாப் பாக்க இருந்தேன்” என்றார்.

அதற்குப் பிறகு வந்ததுதான் பெரிய பூதம். லெப்டொப் கோல் எடுத்தது, வயிற்றுக்குள்ளிருந்து பீப் பீப் என்று நம்பர் அமத்தும் சத்தமும் கேட்டது, உடனே எங்கேஜ் டோன். ‘லைன் பிஸி’ என்று எழுத்து வந்தது. பத்துத் தரம் எடுத்தார். செவ்வாய்க்கிழமை ஸுபஹ் தொழுதுவிட்டு, ஊரே இன்னும் எழும்பாத நேரத்தில் எடுத்தார். அப்போதும் பிஸி. இந்த இலங்கையில் ஸுபஹுக்கு எழும்பி இத்தனை பேர் இன்டர்நெட் பார்க்கிறார்களா என்று அவருக்கே ஆச்சரியமாக இருந்தது.

டெலிஃபோன் லைன் பார்க்கிற சசிக்குமாரைக் கூப்பிட்டார். அவர் கம்பத்தில் ஏறி, இறங்கி, பெட்டியைத் திறந்து, மூடி, இஞ்சித் தேத்தண்ணியும் குடித்து முடித்தார்.

“லைன் நல்லா இருக்குங்க நாநா. கொறை சொல்ல ஒண்ணுமில்ல. இந்தப் பொட்டி பத்தி மட்டும் நமக்குத் தெரியாதுங்க.”

“மகள் வரட்டுமே” என்றாள் றுஸைனா. ஏ லெவல் படிக்கிற ஸஹ்னா கண்டியில் பள்ளிக்கூட ஹொஸ்டலில் இருந்தாள்.

“அவ சனிக்கிழமதானே வருவா. வியாழக்கிழமயோட சரி.”

“அப்ப பஸீர்ட கடைல போய்ப் போடுங்களேன்.”

“பஸீரா? நான் எழுதி முடிக்க முன்ன அவன் வாசிச்சி முடிச்சிருவான்” என்று தலையை ஆட்டினார். கம்பெனிக்குப் போகிற கடுதாசியில் பஸீர் வாசித்துக் கெடுக்க என்ன இருக்கிறதென்று அவளுக்கு விளங்கவில்லை.

புதன்கிழமை பகல் அவள் கொத்தமல்லியைச் சுளகில் புடைத்துக்கொண்டு ஹோலுக்குள் இருந்தாள். அவர் இருபதாவது தரமோ முப்பதாவது தரமோ அமத்தினார். கை சுளகில் இருந்தாலும் காது அந்த பீப் சத்தத்தோடு போனது. முதலில் ஒரே மாதிரி இரண்டு. பிறகு கொஞ்சம் ஏறி ஒன்று. பிறகு இறங்கி ஒன்று. அவள் கை நின்றது. அடுத்த தரம் விரல் மடக்கி எண்ணினாள். பதின்மூன்று. கார்டில் இருந்த கொழும்பு நம்பருக்குப் பத்து இலக்கம்தானே?

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது, வந்த வேகத்தில் அடக்கிக்கொண்டாள். மூன்று லீவுக்கு முன்னால் நடந்தது நினைவுக்கு வந்தது. நாவுலையில் இருக்கிற தன் தங்கச்சி ஹவ்வாவுக்கு இந்த மனுஷன் இதே ஹோலில் இருந்து கோல் எடுத்தார். ஒரு மணித்தியாலம் எங்கேஜ் டோன். “இவளுக்குப் பேச்சுத்தான், வேற வேலயில்ல” என்று ஹவ்வாவைத் திட்டித் தீர்த்தார். கடைசியில் பார்த்தால், இலங்கைக்குள்ளேயே இருந்துகொண்டு முன்னால் சைபர் சைபர் ஒன்பது நாலு போட்டு அமத்தியிருக்கிறார். வெளிநாட்டில் இருந்து வீட்டுக்கு எடுத்து எடுத்துக் கை பழகிவிட்டது. அதைச் சொல்லிச் சொல்லி அவளும் ஹவ்வாவும் ஒரு மாசம் சிரித்தார்கள்.

எழும்பிப் போய் அவர் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தாள். திரையில் பளிச்சென்று நின்றது 0094. அதற்குப் பின்னால்தான் கொழும்பு நம்பர். மூன்று நாளாக அவர் கண்ணுக்கு முன்னால்தான் இருந்தது. ஆனால் பதினேழு வருஷமாக இலங்கை நம்பர் என்றால் அப்படித்தான் தொடங்கும் என்று பழகிய கண்ணுக்கு அது எப்படிப் பிழையாகத் தெரியும்? தோஹாக் கடையில் எல்லாம் சரிபண்ணிக் கொடுத்த லெப்டொப், தான் இன்னும் கட்டாரில்தான் இருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டு, இலங்கைக்குள் இருந்தே இலங்கைக்கு ட்ரங்க் கோல் எடுத்துக்கொண்டிருந்தது.

“என்ன பாக்குற?” என்றார்.

“ஒண்டுமில்ல. தேத்தண்ணி போடவா?”

ஒரு சொல்லில் முடிகிற காரியம். சொன்னால் மெயில் போகும். மெயில் போனால் டிக்கட் வரும். சொல்லாவிட்டால் வியாழக்கிழமை ஒஃபிஸ் மூடும், அவர்கள் வேறு ஆள் பார்ப்பார்கள், இந்த மனுஷன் இந்த வீட்டிலேயே கிடப்பார். நான் பொய் சொல்லவில்லையே, சும்மாதானே இருக்கிறேன் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். அந்தியில் மஃரிப் தொழுதுவிட்டுக் கையேந்தியபோதுதான் கஷ்டமாக இருந்தது. அல்லாஹ்விடம் இதை என்னவென்று சொல்லிக் கேட்பது?

வியாழக்கிழமை அவர் பகல் சோறும் தின்னவில்லை. பின்னேரம் அஸர் தொழப் பள்ளிக்குப் போய் வந்து மறுபடி உட்கார்ந்தார். பீப் பீப், எங்கேஜ். பீப் பீப், எங்கேஜ். கடிகாரத்தைப் பார்த்தார்.

“மூணு மணிக்குக் கிட்ட. நாலு மணிக்கு மூடிருவாங்க.”

றுஸைனா குசினி வாசலில் நின்றாள். அவளுடைய கணக்கில் ஐந்தரை ஆகப்போகிறது. இன்னும் ஒரு மணித்தியாலம் வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும்.

“றுஸைனா” என்றார் திரும்பாமல். “இது இன்டைக்குப் போகல்லண்டா எல்லாம் முடிஞ்சி.” குரல் உடைந்திருந்தது. புறங்கையால் கண்ணைத் துடைத்ததை அவள் பார்த்துவிட்டாள். அவருடைய உம்மா மௌத்தான செய்தி தோஹாவுக்குப் போனபோதுகூட ஃபோனில் அழாத மனுஷன்.

போவதற்கு இவ்வளவு ஆசையா? ஆசை அங்கே கிடக்கிற ஒரு மனுஷனை வயரைக் காட்டி ஏமாற்றி இங்கே வைத்துக்கொண்டு என்ன செய்ய? சோறு தின்னும், தொழும், தூங்கும். அது புருஷனா, அடகு வைத்த நகையா? போகட்டும். மனசோடு போகிறவர் மனசோடு திரும்பியாவது வருவார்.

“முன்னால சைபர் சைபர் ஒன்பது நாலு போடுது” என்றாள்.

“என்னது?”

“ஹவ்வா மச்சிக்கு நீங்க அமத்தின மாதிரி. அது இன்னும் கட்டார்லதான் நிக்கிது. இங்க வந்தது அதுக்குத் தெரியாது.”

முஸம்மில் திரையைப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார். “யா அல்லாஹ்” என்றார். எங்கெங்கோ அமத்தி, நாலைந்து பெட்டி திறந்து மூடி, ஒரு மாதிரியாக நாட்டின் பெயர் இருக்கிற இடத்தைக் கண்டுபிடித்தார். கட்டார் என்றிருந்ததை இலங்கை என்று மாற்றினார். மறுபடி கோல் எடுத்தது. றுஸைனா எண்ணினாள். பத்து. பிறகு அந்தப் பக்கத்தில் யாரோ தகரத்தைச் சுரண்டுவது போலக் கிறீச்சென்று ஒரு சத்தம், நீளமாக ஒரு இரைச்சல், பிறகு அமைதி. கிடைத்துவிட்டது.

அவள் குசினிக்குத் திரும்பினாள். காலையில் மில்லில் அரைத்துக் கட்டிவைத்த தூள் பைகளைக் காரணமில்லாமல் அவிழ்த்து மறுபடி கட்டினாள். உள்ளே கீ தட்டுகிற சத்தம் நீண்ட நேரம் கேட்டது.

“றுஸைனா, இங்க வா. வாசி.”

“எனக்கென்னத்துக்கு?”

“வாசியன்.”

இங்கிலிஷில் இருந்தது. ஓ லெவலுக்குப் படித்த இங்கிலிஷை வைத்துக்கொண்டு விரலை ஊன்றி ஊன்றி வாசித்தாள். மூன்றாவது வரியில் விரல் நின்றுவிட்டது. இனித் திரும்பி வரமாட்டேன், இந்த லீவோடு வேலையை விடுகிறேன், கணக்கை முடித்துவிடுங்கள் என்று இருந்தது. கீழே, அனுப்பியாகிவிட்டது என்று காட்டியது.

“இத ஏன் எனக்குச் சொல்லல்ல?”

“ரெண்டு தரம் சொல்லி ரெண்டும் பொய்யாப் போச்சி. மூணாந்தரம் வாயால சொல்ல வெக்கமா இருந்திச்சி. முடிச்சிப் போட்டுட்டுச் சொல்லுவோம்னு இருந்தேன். பஸீர்ட கடைல போட்டிருந்தா நான் வீட்ட வர முன்ன ஒனக்குச் செய்தி வந்திரிக்கும்.”

“இந்த மெயில் போகாம இருந்திருந்தா?”

“இப்ப முந்தி மாதிரி ஒப்பம் வேணாம், இன்டைக்குள்ள எழுத்துல மறுக்கல்லண்டா சம்மதம்னுதான் எடுப்பாங்க. டிக்கட் வந்திரும். இன்னும் ரெண்டு வருசம்.”

றுஸைனா கதிரையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். நேற்றுப் பகலிலிருந்து இன்றுவரை அவள் வாயை மூடிக்கொண்டிருந்த ஒவ்வொரு நிமிஷமும் இந்த மனுஷனைக் கட்டாருக்குப் பிடித்துத் தள்ளிக்கொண்டிருந்திருக்கிறது.

“எனக்கு நேத்தே தெரியும்” என்றாள். “அந்த நம்பர் விசயம். தெரிஞ்சிதான் சொல்லாம இருந்தேன். நீங்க போகாம இரிக்கட்டும்னு.”

அவர் தலையைக் குனிந்துகொண்டார். கோபப்படப் போகிறார் என்று நினைத்தாள். வயிறு குலுங்கியபோதுதான் அது சிரிப்பென்று தெரிந்தது. கண்ணீர் வரும்வரை சிரித்தார்.

“பொல்லாத ஆள்தான் நீ. பிடிச்சி வெக்கிறன்டு அனுப்பி வெக்கப் பாத்திருக்க! பொறகு ஏன் சொன்ன?”

“நீங்க அழுதீங்க. போகத்தான் அழுறீங்கன்டு நெனச்சேன். அதான்... போங்கன்டு சொன்னேன்.”

அவருடைய சிரிப்பு நின்றுவிட்டது. எட்டி அவள் கையைப் பிடித்தார். மிளகாய்த்தூள் அப்பிய கை. கண்ணில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்றாள்.

“ராவைக்கு அந்தத் தூளுல ஒரு பையை ஒடச்சிக் கறி ஆக்கு” என்றார்.

“ஒரு வருசத்துத் தூள். ரெண்டு பேரு எப்பத் தின்டு முடிக்கிற?”

“அவசரம் என்ன?”

பழக்க தோஷத்தில் கையைத் திருப்பிக் கடிகாரத்தைப் பார்த்தார். பார்த்துவிட்டு நிறுத்தினார்.

“இப்ப மணி என்ன, றுஸைனா?”

பதினேழு வருஷத்தில் இந்த மனுஷன் அவளிடம் மணி கேட்டதில்லை. அவள் சுவரைப் பார்த்தாள். முள் சரியாகத் தெரியாமல் கண் நிறைந்திருந்தது. முக்காட்டு நுனியால் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தாள்.

“ஆறு பத்து.”

அவர் கடிகாரத்தின் திருகை இழுத்து மெதுவாகத் திருப்பத் தொடங்கினார்.

“பொறுங்க” என்றாள். “பதினொண்டு ஆகிட்டு.”